இடது கை நிற்கக் கூடாது: பூகி வூகி கேள்வி–பதில்

சென்ற இதழில் ராக் அண்ட் ரோல் பியானோவைப் பற்றி எழுதும்போது, "இதற்கெல்லாம் மூத்தது பூகி வூகி" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பியானோ சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். அதில் என் மனசுக்கு ரொம்ப நெருக்கமான சங்கதி இது. அதனால் இந்த மாதப் பக்கம் முழுவதும் இதற்கே.

பூகி வூகி என்றால் இந்தி டிவியில் வந்த நடனப் போட்டிதானே? அதற்கும் பியானோவுக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், திண்டுக்கல்

சோனி டிவியில் 1996இல் தொடங்கிய அந்த நிகழ்ச்சியால்தான் நம் ஊரில் பலருக்கு இந்தப் பெயர் தெரியும். ஆனால் பூகி வூகி முதலில் பியானோ இசை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் பாட்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. இடது கை ஒரு சிறு வரிசையை விடாமல் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கும். வலது கை அதன்மேல் தன்னிஷ்டத்துக்கு விளையாடும்: ஒரு கட்டையைப் பிடித்து நடுக்கும், இடது கையின் தாளத்துக்குக் குறுக்கே வெட்டும், கேள்வி கேட்டுத் தானே பதிலும் சொல்லும்.

நம் ஆவர்த்தனம் போல, தாளத்தின் ஒரு அளவுக்கு மேற்கே பார் என்று பெயர். பன்னிரண்டு பார்கள் முடிந்தால் ஒரு சுற்று. பெரும்பாலும் ஒரு பாருக்கு இடது கையில் எட்டு அடி. நம் கணக்கில் சொன்னால் நடை திஸ்ரத்தை, அதாவது மூன்றாகப் பிரியும் கணக்கை, ஒட்டியது. இரண்டிரண்டாக வரும் அடிகளில் முதலாவது நீளும், அடுத்தது குறுகும். அந்த நீட்டல் குறுக்கலில்தான் காலைத் தட்ட வைக்கும் இழுப்பு இருக்கிறது.

இது பிறந்த இடம் சிகாகோவா, நியூ ஆர்லியன்ஸா? இரண்டு விதமாகவும் படித்திருக்கிறேன்.
– வாசகி, மதுரை

சிகாகோவில் ரெக்கார்டு ஆனது, பேர் வாங்கியது. பிறந்தது கிழக்கு டெக்ஸாஸின் பைன் காடுகளில் என்பதே இன்று பலரும் ஏற்கும் கருத்து.

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து, அடிமை முறை ஒழிந்தது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் மரம் வெட்டவும், பைன் மரத்தில் பால் இறக்கி டர்பன்டைன் காய்ச்சவும், தண்டவாளம் போடவும் கறுப்பினத் தொழிலாளர்கள் காட்டுக்குள் முகாம் போட்டுத் தங்கினார்கள். அங்கே மாலையானால் போக ஒரே இடம், பீப்பாயில் மது வைத்து விற்கும் கொட்டகை. பேரல்ஹவுஸ் என்பார்கள். கொட்டகையின் மூலையில் ஒரு பழைய பியானோ. சுருதி கலைந்திருக்கும், சில கட்டைகள் பேசவே பேசாது. டிரம் கிடையாது, கீழ்ச் சுரங்களுக்கான பேஸ் வாத்தியம் கிடையாது. நாள் முழுக்க உடம்பு நோக வேலை செய்தவர்கள் ஆட வந்திருக்கிறார்கள். இருக்கும் ஒரே வாத்தியக்காரர் அத்தனை பேரையும் ஆட வைக்க வேண்டும். இடது கை இவ்வளவு கனமாக, இவ்வளவு விடாப்பிடியாக ஆனதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அந்தக் கையே டிரம், அந்தக் கையே பேஸ்.

பியானோக்காரர்கள் சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு முகாம் விட்டு முகாம் போனார்கள். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ஒலிப்பதிவு வந்து சேர இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. நமக்கு மிஞ்சியவை பிற்காலத்தில் சிலர் சொன்ன நினைவுகள். கிட்டார் பாடகர் லெட் பெல்லி, 1899 வாக்கில் டெக்ஸாஸ்–லூசியானா எல்லையில் காடோ ஏரிப் பக்கம் இந்த வாசிப்பைக் கேட்டதாகச் சொன்னார். ஷ்ரீவ்போர்ட் நகரத்து ஃபானின் தெரு பியானோக்காரர்களின் இடது கையைத்தான் அவர் தன் கிட்டாருக்குக் கொண்டுவந்தார்.

டெக்ஸாஸ் அண்ட் பசிபிக் ரயில்வேயின் பணிமனைகள் இருந்த மார்ஷல் என்ற ஊர் 2010இல் தன்னையே பூகி வூகியின் பிறப்பிடமாக அறிவித்துக்கொண்டது. அந்த ஊருக்கு அதில் பெருமை இருக்கட்டும். என் எண்ணம், அந்த ரயில் பாதை நெடுகிலும்தான் இது பிறந்தது.

அச்சில் முதலில் வந்த தடயங்களும் டெக்ஸாஸ்காரர்களுடையவைதான். ஹூஸ்டன் நகரத்து ஜார்ஜ் தாமஸ் 1916இல் வெளியிட்ட 'நியூ ஆர்லியன்ஸ் ஹாப் ஸ்காப் ப்ளூஸ்' இசைத்தாளில் இடது கையின் இந்த நடக்கும் பேஸ் வரிசை இருக்கிறது. தம்பி ஹெர்சலோடு சேர்ந்து 1922இல் அவர் வெளியிட்ட 'த ஃபைவ்ஸ்' சிகாகோ பியானோக்காரர்கள் எல்லோருக்கும் பாடப்புத்தகம் ஆனது. ஹெர்சல் தாமஸ் 1926இல் டெட்ராய்ட்டில் இறந்துபோனார். இருபது வயது நிரம்பவில்லை.

இந்த இசையில் ரயில் சத்தம் கேட்பதாக எல்லோரும் எழுதுகிறார்கள். உண்மையா, கற்பனையா?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், ஜோலார்பேட்டை

உண்மை. உங்களைப் போன்ற ஒருவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை, மீட் லக்ஸ் லூயிஸ் 1927இல் பதிவு செய்த 'ஹாங்கி டாங்க் ட்ரெயின் ப்ளூஸ்' ஒன்றைக் கேளுங்கள். நீராவி எஞ்சின் காலத்தைப் பார்த்தவருக்கு உடனே பிடிபடும். இடது கையில் தண்டவாள இணைப்புகள்மேல் சக்கரம் ஏறி இறங்குகிறது. வலது கையில் ஊதல், மணி, பாதை மாறும் இடத்தில் வரும் தடதடப்பு. வலது கை பல இடங்களில் இடது கையோடு சேராமல் தனிக் கணக்கில் போகும். இரண்டு கையும் இரண்டு பேருடையவை என்றுதான் முதலில் தோன்றும். கடைசியில் வண்டி வேகம் குறைந்து நிற்பதையும் கேட்கலாம்.

லூயிஸ் சிகாகோவில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். ஆனாலும் அவர் ரயிலை மிமிக்ரி செய்யவில்லை. ரயில் சத்தத்தை எடுத்து, பன்னிரண்டு பார் கணக்குக்குள் ஒரு இம்மிகூடப் பிசகாமல் அடக்கியிருக்கிறார்.

அந்த ரெக்கார்டைக் கேட்டு மயங்கிய ஜான் ஹாமண்ட் என்ற இசைத் தயாரிப்பாளர், ஆளைத் தேடி அலைந்தார். 1935இல் கண்டுபிடித்தபோது லூயிஸ் சிகாகோவில் கார் கழுவிக்கொண்டிருந்தார். எட்டு வருஷம்! இப்படி ஒரு தட்டைக் கொடுத்துவிட்டு அவர் பிழைப்புக்கு என்ன செய்தார் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் அவருடைய சிறு வயது நண்பர் ஆல்பர்ட் அம்மன்ஸும் ஒரே டாக்ஸி கம்பெனியில் வண்டி ஓட்டியவர்கள். இந்த இசையின் பெரிய பெயர்களில் எவரை எடுத்தாலும் பக்கத்தில் ஒரு கூலி வேலை இருக்கும்.

பைன்டாப் ஸ்மித் சுட்டுக் கொல்லப்பட்டாரா? ஏன்?
– வாசகர், ஈரோடு

ஆமாம். கிளாரன்ஸ் ஸ்மித் என்பது அவர் பெயர், பைன்டாப் பட்டப்பெயர். அலபாமா மாநிலத்தின் டிராய் என்ற ஊரில் 1904இல் பிறந்தார். சிகாகோவுக்கு வந்து அம்மன்ஸும் லூயிஸும் குடியிருந்த அதே வீட்டில் தங்கினார். 1928 டிசம்பர் 29 அன்று 'பைன்டாப்ஸ் பூகி வூகி'யைப் பதிவு செய்தார். இந்தப் பெயரைத் தலைப்பில் தாங்கி வந்த முதல் வெற்றித் தட்டு அது. வாசித்துக்கொண்டே ஆடுகிறவர்களுக்கு எப்போது நிற்க வேண்டும், எப்போது ஆட வேண்டும் என்று கட்டளை கொடுப்பார்; அதில் அவர் குரல் அவ்வளவு உற்சாகமாக இருக்கும்.

1929 மார்ச் 15 அன்று சிகாகோவில் ஒரு நடனக் கூடத்தில் நடந்த சண்டையில் குண்டு பட்டு இறந்தார். குறி அவர்தானா, குறுக்கே அகப்பட்டாரா என்பது முடிவாகவில்லை. அவருடைய புகைப்படம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. தட்டு மட்டும் இருக்கிறது. அதே பாட்டை வாசித்து அதனால் பைன்டாப் என்றே பெயர் பெற்ற இன்னொருவர், பைன்டாப் பெர்கின்ஸ், 2011இல் தம் 97ஆவது வயதில் கிராமி விருது வாங்கினார்.

கார்னகி ஹாலில் மூன்று பியானோக்காரர்கள் சேர்ந்து வாசித்த கதையைச் சொல்லுங்கள்.
– வாசகி, கும்பகோணம்

1938 டிசம்பர் 23. ஹாமண்ட் ஏற்பாடு செய்த 'ஃப்ரம் ஸ்பிரிச்சுவல்ஸ் டு ஸ்விங்' கச்சேரி. சங்கீத உலகம் கறுப்பின மக்களின் பாட்டை மதுக்கடை சமாசாரமாக ஒதுக்கி வைத்திருந்த காலத்தில், அதை நியூயார்க்கின் பெருமை வாய்ந்த மேடையான கார்னகி ஹாலுக்கு முழு மரியாதையோடு கொண்டுவந்த நிகழ்ச்சி. சிகாகோவிலிருந்து அம்மன்ஸும் லூயிஸும். கன்ஸாஸ் சிட்டியிலிருந்து பீட் ஜான்சன். அவரோடு, மதுக்கடையில் ஊற்றிக்கொடுத்துக்கொண்டே பாடிப் பழகிய பிக் ஜோ டர்னர். டர்னருக்கு மைக்கே தேவைப்படாது என்பார்கள். தட்டைக் கேட்டால் நம்பத் தோன்றும்.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. ஜான்சனும் டர்னரும் ஒரே வாரத்தில், டிசம்பர் 30 அன்று, 'ரோல் எம் பீட்' பதிவு செய்தார்கள். பார்னி ஜோசப்சன் புதிதாகத் திறந்த கஃபே சொசைட்டியில் மூவரும் வாசிக்கத் தொடங்கினார்கள். கறுப்பர், வெள்ளையர் என்று பிரித்து உட்கார வைக்காத இடம் அது. அன்றைய நியூயார்க்கில் அது பெரிய விஷயம். கார்னகி ஹாலில் கேட்டவர்களில் பெர்லினிலிருந்து வந்து குடியேறிய ஆல்ஃபிரட் லயன் என்ற இளைஞரும் இருந்தார். 1939 ஜனவரி 6 அன்று அம்மன்ஸையும் லூயிஸையும் ஸ்டூடியோவுக்கு அழைத்துத் தட்டுப் போட்டார். ப்ளூ நோட் கம்பெனியின் முதல் பதிவு அதுதான். பின்னாளில் ஜாஸ் உலகையே ஆண்ட கம்பெனி பூகி வூகியில் தொடங்கியது என்பதை ஜாஸ் ரசிகர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

பிறகு நாடு முழுக்க ஒரே பூகி வூகி. டாமி டோர்ஸியின் ஆர்க்கெஸ்ட்ரா கச்சேரிக்குச் சில மாதம் முன்பே பைன்டாப்பின் பாட்டை எடுத்து வாசித்துப் பதிவு செய்திருந்தது; அது அமோகமாக விற்றது. சினிமா, ரேடியோ, சிப்பாய்களுக்கான பாட்டு என்று எல்லாவற்றிலும் 'பூகி' ஒட்டிக்கொண்டது. நல்லது கொஞ்சம், அவசரச் சரக்கு நிறைய. நாற்பதுகளின் இறுதியில் அலை ஓய்ந்தது.

அம்மன்ஸ் 1949 ஜனவரியில் ஜனாதிபதி ட்ரூமன் பதவியேற்பு விழாவில் வாசித்தார். அதே டிசம்பரில் 42 வயதில் காலமானார். லூயிஸ் 1964இல் கார் விபத்தில் போனார். பீட் ஜான்சன் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்துக்குக் குடிபெயர்ந்து, ஐஸ்கிரீம் கம்பெனியில் லாரி கழுவினார். பக்கவாதமும் வந்தது. 1967 ஜனவரியில் பழைய கச்சேரியின் நினைவாக மறுபடி கார்னகி ஹாலில் விழா எடுத்தபோது அவரை மேடைக்கு அழைத்து வந்தார்கள். ஜோ டர்னர் 'ரோல் எம் பீட்' பாடினார். இடது கைப் பகுதியை ரே பிரையன்ட் என்ற இளைய பியானோக்காரர் எடுத்துக்கொண்டார்; ஜான்சன் பக்கத்தில் உட்கார்ந்து வலது கைப் பகுதியை வாசித்தார். அந்த மார்ச்சில் இறந்தார். அமெரிக்காவிலேயே பலமான இடது கை என்று பேர் எடுத்தவருக்கு இன்னொருவர் தன் கையைக் கொடுத்தார். இந்த ஒரு சம்பவத்தை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

உங்களுக்குப் பிடித்தவர் யார்? ஒருவரை மட்டும் சொல்ல வேண்டும்.
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

ஜிம்மி யான்சி.

வேகத்தைத் தேடிப் போகிறவர்களுக்கு அவர் முதலில் ஏமாற்றமாக இருப்பார். நிதானமாக வாசிப்பார். கட்டைகளை அடிக்க மாட்டார். இடது கை விடாமல் நடக்கும், ஆனால் ஹவானா பக்கத்து நடனத் தாளம் போல இடைவெளி விட்டு விட்டு நடக்கும். அந்த இடைவெளியில் வலது கை இரண்டே சுரங்களை வைப்பார். மூன்றாவது வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றாது.

சிறு வயதிலேயே காலணியால் தரையைத் தட்டி ஆடும் டாப் டான்ஸ் ஆடி, பாடி, நாடகக் குழுக்களோடு அமெரிக்காவும் ஐரோப்பாவும் சுற்றியவர். இங்கிலாந்து அரச குடும்பத்தின் முன்னால் ஆடியிருக்கிறார். திரும்பி வந்து சிகாகோவில் வொயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் மைதானத்தில் புல்தரை பராமரிக்கும் வேலையில் சேர்ந்தார். ஏறக்குறைய 25 வருஷம் அதுதான் அவருடைய சம்பள வேலை. பியானோ, வீடுகளில் நடக்கும் வாடகை விருந்துகளுக்கு. தெற்கு சிகாகோவில் மாத வாடகை கட்ட வழியில்லாதவர்கள் வீட்டில் ஒரு விருந்து வைத்து, வருகிறவர்களிடம் சில்லறை வசூலிப்பார்கள். சாப்பாடு, குடி, பியானோ. மறுநாள் வீட்டுக்காரருக்கு வாடகை போய்ச் சேரும். அம்மன்ஸும் லூயிஸும் யான்சியைப் பார்த்துக் கற்றவர்கள். லூயிஸ் 1936இல் 'யான்சி ஸ்பெஷல்' என்று அவர் பெயரிலேயே ஒரு தட்டு போட்டார். ஆனால் யான்சியின் சொந்த வாசிப்பு 1939இல்தான் முதன்முதலாகப் பதிவானது. சீடர்கள் கார்னகி ஹால் போய் வந்த பிறகு!

இன்னொன்று. எந்த சுருதியில் வாசித்தாலும் கடைசியில் ஈ ஃப்ளாட்டில் கொண்டுபோய் முடித்துவிடுவார். சி–யில் போய்க்கொண்டிருக்கும் உருப்படி சட்டென்று ஈ ஃப்ளாட்டில் நிற்கும். நம் காதுக்கு, ஆதார ஷட்ஜத்தை விட்டு எழுந்து போவது போல இருக்கும். ஏன் அப்படிச் செய்தார் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எனக்குக் காரணம் வேண்டாம். அது அவருடைய கையெழுத்து.

மனைவி எஸ்டெல் பாடுவார். எல்லோருக்கும் அவர் 'மாமா' யான்சி; ஆங்கிலத்தில் அம்மா என்று பொருள். 1951இல் இருவரும் சேர்ந்து செய்த பதிவுகளைக் கட்டாயம் கேளுங்கள். சில வாரங்களில் யான்சி காலமானார்.

பெண்கள் யாரும் வாசிக்கவில்லையா?
– வாசகி, வேலூர்

வாசித்தார்கள், நன்றாகவே வாசித்தார்கள். மேரி லூ வில்லியம்ஸ் 1937இல் பென்னி குட்மன் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதிக்கொடுத்த 'ரோல் எம்' முழுக்கப் பூகி வூகி; கார்னகி கச்சேரிக்கு ஒரு வருஷம் முந்தியது. லாஸ் ஏஞ்சலிஸின் ஹாடா புரூக்ஸ் 1945இல் வாசித்த 'ஸ்விங்கிங் த பூகி' தட்டோடுதான் மாடர்ன் ரெக்கார்ட்ஸ் என்ற கம்பெனி எழுந்தது. டிரினிடாடிலிருந்து லண்டன் போன வினிஃப்ரெட் அட்வெல் 1954இல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தார். அந்த இடத்தைப் பிடித்த முதல் கறுப்பினக் கலைஞர் அவர். இசைப் புத்தகங்களில் இவர்களுக்குக் கிடைக்கும் இடம் போதாது என்பது என் தீராத குறை.

மொன்ட்ரியான் ஓவியம் ஒன்றுக்கு 'பிராட்வே பூகி வூகி' என்று பெயர். தொடர்பு உண்டா?
– ஓவிய ஆசிரியர், புதுச்சேரி

உண்டு. போருக்குத் தப்பி 1940இல் நியூயார்க் வந்த டச்சு ஓவியர் அங்கே இந்த ரெக்கார்டுகளைக் கேட்டுப் பைத்தியமாகிவிட்டார். 1942–43இல் வரைந்த அந்தப் படத்தில், அவருடைய வழக்கமான கறுப்புக் கோடுகள் இல்லை. மஞ்சள் பட்டைகள்மேல் சிவப்பும் நீலமும் சாம்பலுமாகச் சிறு சதுரங்கள் துடிக்கின்றன. நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்து தொடங்கிய 'விக்டரி பூகி வூகி' முடியாமலே 1944இல் இறந்தார்.

டீச்சர், வீட்டில் 61 கட்டை கீபோர்டு இருக்கிறது. கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரியும். பூகி வூகி எப்படித் தொடங்குவது?
– பத்தாம் வகுப்பு மாணவன், தஞ்சாவூர்

61 கட்டை தாராளமாகப் போதும் தம்பி. ஒரு மாதம் வலது கையை மறந்துவிடு.

சி–யை ஷட்ஜமாக வை. இடது கையில் ஸ க ப த நி த ப க, எட்டு அடி, ஒரு பார். காந்தாரம் அந்தரம், தைவதம் சதுஸ்ருதி, நிஷாதம் கைசிகி. உனக்குச் சங்கீதம் தெரியும் என்கிறாய், அப்படியானால் உடனே கண்டுபிடித்திருப்பாய்: அப்படியே வலஜியின் சுரங்கள்! ஆனால் இங்கே கமகம் கிடையாது, ராக பாவமும் கிடையாது. சுரம் ஒன்று என்பதால் கை சீக்கிரம் பழகும், அவ்வளவே.

இதை நான்கு பார் வாசி. பிறகு இதே வரிசையை அப்படியே எஃப்–க்கு, அதாவது சுத்த மத்திமத்துக்கு நகர்த்தி இரண்டு பார். திரும்ப சி–யில் இரண்டு. ஜி–யில் ஒன்று, எஃப்–இல் ஒன்று, சி–யில் இரண்டு. பன்னிரண்டு முடிந்தது. நிற்காமல் மறுபடி தொடங்கு. மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை நிமிடத்துக்கு 70 தட்டில் வை. திஸ்ர நடையில் நீட்டிக் குறுக்கி வாசி. எல்லா அடியும் சமமாக விழுந்தால் அது பயிற்சிப் பாடம்போலத்தான் ஒலிக்கும்.

முழங்கை வலித்தால் உடனே நிறுத்திவிட்டு மணிக்கட்டைத் தளர்த்து. விறைத்த மணிக்கட்டோடு வேகம் கூட்டி, கையைக் கெடுத்துக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இடது கை வாசித்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவோடு பேச முடிகிறதா பார். முடிந்தால் வலது கைக்கு ஒரே ஒரு சுரம் கொடு.

இன்றைக்கு யாராவது இதை வாசிக்கிறார்களா? எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?
– வாசகர், யாழ்ப்பாணம்

இன்று ஐரோப்பாவில் பலமாக இருக்கிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து ஆக்ஸல் ஸ்விங்கன்பெர்கர் எழுபதுகளிலிருந்து இதே வேலையாக இருப்பவர். நீராவி எஞ்சின்களைப் படம் பிடிப்பதும் அவருக்குப் பெரும் பித்து. அவர் செய்த ஒரு காரியத்துக்காக நான் அவரை மிகவும் மதிக்கிறேன். பழைய பியானோக்காரர்கள் போய்விட்டார்கள், ஆனால் அவர்களோடு பாடியவர்களில் சிலர் இருந்தார்கள். அவர்களைத் தேடிப் போனார். பிக் ஜோ டர்னர், ஹெர்சல் தாமஸின் அக்கா சிப்பி வாலஸ், மாமா யான்சி: மூவரோடும் தட்டுப் போட்டார். அந்த வயதான குரல்களுக்குப் பக்கத்தில் அவர் தன் வாசிப்பை எவ்வளவு அடக்கி வைக்கிறார் என்று கவனியுங்கள்.

தொடங்க வேண்டிய வரிசை கேட்டீர்கள். முதலில் பைன்டாப்பின் 1928 பதிவு, அடுத்து லூயிஸின் ரயில், அதன்பின் அம்மன்ஸின் 'பூகி வூகி ஸ்டாம்ப்'. யான்சியை ராத்திரி சாப்பாடு முடிந்த பிறகு போடுங்கள். போன் ஸ்பீக்கரில் இடது கை பாதி காணாமல் போகும். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள்.